பாலன்சிங் செய்தும் 90-ஐத் தாண்டினால் ஸ்டீரிங் நடுங்குகிறது, சஸ்பென்ஷனை மாற்றலாமா?

கேள்வி: முன்சக்கரங்களை என்ஜின் இழுக்கும் வகைக் கார். 90 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் ஸ்டீரிங் நடுங்குகிறது. வீல் பாலன்சிங் (சக்கரத்தின் எடையைச் சமப்படுத்துவது), அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது) இரண்டும் செய்தாகிவிட்டது, நடுக்கம் போகவில்லை. சஸ்பென்ஷன் பாகங்களை மாற்றிப் பார்க்கலாம் என்கிறார் மெக்கானிக். மாற்றலாமா?

பதில்:

இப்போதைக்கு வேண்டாம். முதலில் டயரைச் சந்தேகப்படுங்கள். பாலன்சிங் செய்துவிட்டதால் டயர் மேல் குறை இருக்காது என்று நீங்கள் நினைப்பது புரிகிறது. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

என் காரில் 85-ல் மெல்லத் தொடங்கும். 100-ல் ஸ்டீரிங்கைப் பிடித்திருக்கும் விரல்கள் மரத்துப்போகும். 110-ஐ நெருங்கினால் கொஞ்சம் அடங்கும். இரண்டு முறை பாலன்சிங், ஒரு முறை அலைன்மென்ட், அப்புறம் லோயர் ஆர்ம் புஷ், டை ராடு எண்ட் என்று சஸ்பென்ஷன், ஸ்டீரிங் பாகங்களை ஒவ்வொன்றாக மாற்றியும் நடுக்கம் அப்படியே இருந்தது. கடைசியில் ஜாக்கி போட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்தபோதுதான் தெரிந்தது: முன்பக்க இடது டயர் வட்டமாகவே இல்லை. தரையைத் தொடும் பட்டன் பகுதியில் ஓரிடம் மட்டும் மேடாக எழும்பியிருந்தது. உள்ளே இருக்கும் எஃகுக் கம்பிப் பட்டை ரப்பரை விட்டுப் பிரிய ஆரம்பித்திருந்தது. அந்த டயரோடு பல வாரம் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் போயிருக்கிறேன். நினைத்தால் இன்றும் வயிற்றைக் கலக்குகிறது. இவ்வளவு நீளமாக எழுதுவதற்கு அதுதான் காரணம்.

சாதாரண பாலன்சிங் இயந்திரம் பார்ப்பது எடைப் பங்கீட்டை மட்டும். சக்கரம் அதில் காற்றில் சுற்றுகிறது, தரையில் அழுந்துவதில்லை. ரிம் லேசாக நெளிந்திருக்கலாம், டயரின் ஒரு பக்கம் மற்ற பக்கத்தைவிட விறைப்பாக இருக்கலாம். வெயிட் ஒட்டினால் இயந்திரம் பூஜ்யம் காட்டிவிடும். ஆனால் காரின் பாரம் ஏறியதும் அந்த விறைப்பான இடம் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு முறை தரையில் பட்டு அச்சைத் தூக்கிப் போடும். முட்டை வடிவச் சக்கரத்தைக்கூட எடையளவில் சமமாக்கிவிடலாம், அது உருளும்போது குதிக்காமல் இருக்காது.

குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் ஏன் ஆடுகிறது என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். 185/65 ஆர் 15 அளவு டயரை எடுத்துக்கொள்வோம். அதன் சுற்றளவு சுமார் 1.95 மீட்டர். 100 கிலோமீட்டர் வேகத்தில் அது நொடிக்குச் சுமார் 14 முறை சுற்றுகிறது. ரிம்மின் ஓரத்தில் வெறும் 30 கிராம் எடை கூடுதலாக இருந்தாலே, அந்த வேகத்தில் ஏறத்தாழ நாலரைக் கிலோ எடைக்குச் சமமான விசை சக்கரத்தை வெளிப்பக்கம் இழுக்கும், அதுவும் நொடிக்கு 14 முறை திசை மாறி. வேகம் பாதியானால் விசை கால்வாசியாகிவிடும், அதனால் 50-ல் ஒன்றும் தெரியாது. இன்னொன்றும் இருக்கிறது. ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கும் சக்கரம், அது மாட்டப்படும் ஹப், பிரேக் எல்லாம் சேர்ந்த தொகுதிக்கென்று இயல்பான அதிர்வெண் உண்டு. பெரும்பாலான கார்களில் அது நொடிக்கு 10 முதல் 15 வரை. சக்கரத்தின் சுழற்சி அதோடு ஒத்துப்போகும் வேகத்தில் நடுக்கம் உச்சத்துக்குப் போகும், தாண்டினால் தணியும். 80-க்கும் 110-க்கும் நடுவில் வந்து போகும் நடுக்கம் என்றாலே சக்கரத்தைப் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

சரி, நீங்களே செய்யக்கூடியது என்ன? ஆள் நடமாட்டம் இல்லாத நேரான சாலையில், அனுமதித்த வேகத்துக்குள், நடுக்கம் வரும்போது கிளட்சை மிதித்து (ஆட்டோமேட்டிக் என்றால் நியூட்ரலுக்கு மாற்றி) காரைத் தானாக ஓடவிடுங்கள். என்ஜினை மட்டும் அணைத்துவிடாதீர்கள், ஸ்டீரிங்கும் பிரேக்கும் கனத்துவிடும். அப்போதும் அதே நடுக்கம் தொடர்ந்தால் சக்கரம், டயர், ரிம், ஹப் ஆகியவற்றில்தான் குறை. சட்டென்று நின்றுவிட்டால் என்ஜினைத் தாங்கும் மவுண்ட் பக்கமோ ஆக்சில் பக்கமோ தேட வேண்டும். ஆக்ஸிலேட்டரை அழுத்தும்போது மட்டும் கார் பக்கவாட்டில் குலுங்கினால், கியர் பாக்ஸை ஒட்டிய உள்பக்க சிவி ஜாயின்ட் (ஆக்சிலில் இருக்கும் மூட்டு) தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். பிரேக் போடும்போது மட்டும் ஆடினால் பிரேக் டிஸ்க்கின் தடிமன் சீராக இல்லை.

எங்கே உணர்கிறீர்கள் என்பதும் ஒரு துப்பு. ஸ்டீரிங்கில் என்றால் பெரும்பாலும் முன்சக்கரம், சீட்டிலும் தரையிலும் என்றால் பின்சக்கரம்.

இதற்கெல்லாம் மேலாக நான் நம்புவது இடம் மாற்றிப் பார்க்கும் சோதனையை. முன்சக்கரங்கள் இரண்டையும் அதே பக்கத்துப் பின்சக்கரங்களோடு மாற்றிப் போட்டு, அதே சாலையில் ஓட்டுங்கள். ஸ்டீரிங் நடுக்கம் போய் சீட் அதிர ஆரம்பித்தால் குறை அந்தச் சக்கரங்களோடு பின்னால் போய்விட்டது என்று அர்த்தம். சஸ்பென்ஷன் பாகம் எதையும் வாங்க வேண்டியதில்லை. இடம் மாற்றியும் ஸ்டீரிங் அதே மாதிரி ஆடினால்தான் ஹப், பேரிங், பால் ஜாயின்ட் பக்கம் போக வேண்டும். ஸ்டெப்னி மற்ற டயர்களின் அதே அளவில் இருந்தால் இன்னும் நல்லது: சந்தேகச் சக்கரங்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, அந்த இடத்தில் ஸ்டெப்னியைப் போட்டு ஓட்டினால் எந்தச் சக்கரம் என்றே தெரிந்துவிடும். சின்ன அளவு தற்காலிக ஸ்டெப்னியில் இதைச் செய்யக் கூடாது.

சந்தேகச் சக்கரம் கிடைத்ததும் (அது இப்போது பின்னால் இருந்தால் முதலில் முன்னால் மாட்டிக்கொண்டு) சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, முன்பக்கம் ஜாக்கி ஏற்றுங்கள். காருக்கு அடியில் தாங்குகால் கட்டாயம், ஜாக்கியை மட்டும் நம்ப வேண்டாம். கியரை நியூட்ரலில் வைத்து, ஒரு செங்கல்லின் மேல் ஸ்க்ரூ டிரைவரை வைத்து அதன் முனை டயரைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி செய்து, சக்கரத்தை மெதுவாகச் சுற்றுங்கள். இடைவெளி ஒரு மில்லிமீட்டர் அளவு ஏறி இறங்குவது சாதாரணம். இரண்டைத் தாண்டினால் விடாதீர்கள். அதே முனையை ரிம்மின் ஓரத்துக்கு மாற்றிச் சுற்றினால், நெளிந்திருப்பது ரிம்மா, டயரா என்று பிரித்துவிடலாம்.

ரிம்மின் உள்பக்கத்தையும் எட்டிப் பாருங்கள். காய்ந்த சேறு அப்பியிருந்தாலே நடுக்கம் வரும். ஒட்டு வெயிட் விழுந்துபோனால் அது இருந்த இடத்தில் பசைத் தடம் தெரியும். அலாய் வீல் பிறகு வாங்கிப் போட்டது என்றால், நடுத்துளை ஹப்போடு கச்சிதமாகப் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். துளை பெரிதாக இருந்தால் நடுவில் பொருத்தும் வளையம் தேவை. அது இல்லாமல் நட்டை எவ்வளவு முறுக்கினாலும் சக்கரம் மையத்தில் உட்காராமல் போகலாம்.

அலைன்மென்ட் பற்றி ஒரு வார்த்தை. அது தவறினால் கார் ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஓரம் தேயும். நேரடியாக நடுக்கம் வருவது அரிது.

டயர் கடைக்கு மறுபடி போனால் பக்கத்திலேயே நில்லுங்கள். பூஜ்யம் காட்டியபின் சக்கரத்தைக் கழற்றி, அரைச் சுற்றுத் திருப்பி மறுபடி இயந்திரத்தில் மாட்டச் சொல்லுங்கள். இப்போது அளவு மாறி வந்தால் முதல் முறை சக்கரம் மையம் தவறி மாட்டப்பட்டிருந்தது, அந்த பாலன்சிங்குக்கு மதிப்பில்லை. டயர் மேல் ஓர் உருளையை அழுத்திச் சுற்றிப் பார்க்கும் இயந்திரமும் உண்டு, ரோடு ஃபோர்ஸ் பாலன்சிங் என்பார்கள். அது கிடைத்தால் அதையே கேளுங்கள், விறைப்பு வித்தியாசத்தையும் அது காட்டிவிடும். டயர் நல்ல நிலையில் இருந்து வித்தியாசம் கொஞ்சமாக இருந்தால், டயரை ரிம்மின் மேல் அரைச் சுற்றுத் திருப்பிப் போட்டாலே சில நேரம் சரியாகிவிடும்.

பல நாள் அசையாமல் நின்ற கார் என்றால் தரையில் பட்ட இடம் தட்டையாகியிருக்கும். அந்த நடுக்கம் டயர் சூடேறியதும் பெரும்பாலும் தானாகக் குறையும். உங்களுடையது அப்படியில்லை என்று நினைக்கிறேன்.

பக்கச்சுவரில் புடைப்போ, பட்டனில் மேடோ கண்ணில் பட்டால் மேலே சொன்ன சோதனை ஓட்டம் எதுவும் வேண்டாம். நடுக்கம் நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போனாலும், மெதுவாகப் போகும்போதே ஸ்டீரிங் இட வலமாக அசைந்தாலும் அப்படித்தான். அந்தச் சக்கரத்தைக் கழற்றி ஸ்டெப்னியைப் போட்டு, மெதுவாகவே கடைக்குப் போங்கள். இன்று நேரமில்லை என்றால்கூட, கையை டயர் முழுக்க ஒரு முறை தடவிப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். அதை இன்றைக்கே செய்துவிடுங்கள்.