அழுத்தத்தைக் குறைக்காதீர்கள், குழாயை நீட்டுங்கள்

கேள்வி: வீட்டிலேயே பீர் காய்ச்சி கெக்கில் (அழுத்தத்தில் பீர் வைக்கும் உலோகப் பீப்பாயில்) வைத்திருக்கிறேன். ஃப்ரிட்ஜில் 3 டிகிரி செல்சியஸ், வாயு அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரில் 12 பி.எஸ்.ஐ. (அழுத்தத்தின் அலகு), கெக்கிலிருந்து டேப்புக்குப் போகும் குழாய் ஒன்றரை மீட்டர். டம்ளரில் பாதிக்கு மேல் நுரைதான். அழுத்தத்தை 5-க்கு இறக்கியதும் நன்றாக வந்தது. சில நாளில் பீர் சப்பென்று ஆகிவிட்டது. என்ன செய்வது?

பதில்: முதலில் ரெகுலேட்டரை மறுபடி 12-க்கு ஏற்றுங்கள். 3 டிகிரியில் அந்த அழுத்தம் இருந்தால், பீரின் கொள்ளளவைப் போல சுமார் இரண்டரை மடங்கு கரியமில வாயு அதில் கரைந்து நிற்கும். பல வகை பீர்களுக்கு இது நல்ல அளவு. அழுத்தம் இறங்கினால் கரைந்த வாயு கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறிவிடும். நுரைக்குப் பயந்து பீரின் உயிரையே எடுக்கும் இந்த வைத்தியத்தைத்தான் பலரும் முதலில் செய்கிறார்கள். எனக்கு அதில் மிகுந்த வருத்தம்.

கோளாறு குழாயில் இருக்கிறது. கெக்கில் இருக்கும் 12 பி.எஸ்.ஐ. வழியிலேயே உரசி உரசிக் குறைந்து, டேப்பை அடையும்போது ஏறக்குறைய தீர்ந்திருக்க வேண்டும். குட்டைக் குழாயில் அது கடைசி நொடியில் ஒரேயடியாக விழுகிறது. சோடா பாட்டிலைச் சட்டென்று திறந்தது போல வாயு பொங்கிவிடுகிறது. 4.8 மி.மீ. உள்விட்டமுள்ள வினைல் குழாய்க்கு அடிக்கு 2 முதல் 3 பி.எஸ்.ஐ. தடை என்று அட்டவணைகள் சொல்லும். அந்தக் கணக்கில்தான் பலர் ஒன்றரை மீட்டரோடு நின்றுவிடுகிறார்கள். வீட்டில் ஊற்றும் வேகத்தில் தடை அவ்வளவு வராது. 3 மீட்டரில் தொடங்குங்கள். நீளம் கூடினால் பீர் மெதுவாக வரும், அவ்வளவுதான். அரை லிட்டர் நிறைய எட்டுப் பத்து நொடி ஆகலாம். அதற்கும் மேல் இழுத்தால் ஒரு சாண் வெட்டிப் பாருங்கள். வெட்டிய குழாயை ஒட்ட முடியாது, அவசரம் வேண்டாம். உங்கள் குழாய் 6 மி.மீ. அகலமானது என்றால் அதை மாற்றிவிடுவதே நல்லது, தடை மிகக் குறைவு. டேப் கெக்கைவிட உயரத்தில் இருந்தால், ஒவ்வோர் அடி உயரத்துக்கும் சுமார் அரை பி.எஸ்.ஐ. அதிலேயே கழிந்துவிடும்.

அப்புறம், டேப்பை முழுக்கத் திறந்து ஊற்றுங்கள். பாதி திறந்தால் அந்த இடுக்கிலேயே நுரை கிளம்பும். முதல் டம்ளர் மட்டும் நுரைத்தால், டேப்பும் அதை ஒட்டிய குழாயும் சூடாக இருக்கின்றன என்று பொருள். குழாய் முழுவதையும் ஃப்ரிட்ஜுக்குள் சுருட்டி வையுங்கள். வெப்பமானியை ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு, கெக்குக்குப் பக்கத்தில் ஓரிரவு வைத்துப் பாருங்கள். அது காட்டும் அளவே பீரின் உண்மையான குளிர்ச்சி.