அரக்கோணம் டு கிண்டி: ஆறு லட்சம் கட்டுப்படியாகுமா?

கேள்வி: எனக்கு 33 வயது. அரக்கோணத்தில் சொந்த வீடு. ஊருக்குப் பக்கத்திலேயே ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். பைக்கில் இருபது நிமிடம்தான். கைக்கு 34,000 ரூபாய் வருகிறது. மனைவி உள்ளூரில் தனியார் பள்ளி ஆசிரியை, மகன் யு.கே.ஜி. கிண்டியில் ஒரு நிறுவனம் வருடத்துக்கு 6 லட்சம் சி.டி.சி. (எனக்காகக் கம்பெனிக்கு ஆகும் மொத்தச் செலவு) என்கிறது. அடுத்த வாரம் இரண்டாவது இன்டர்வியூ. "அவ்வளவு தூரத்திலிருந்து தினமும் எப்படி வருவீங்க?" என்று எச்.ஆர். போனிலேயே கேட்டார்; ஏதோ சொல்லிச் சமாளித்தேன். பெரம்பூரில் இருக்கும் அத்தை வீட்டு முகவரியை ரெஸ்யூமில் போடு என்கிறான் நண்பன். போடலாமா? சம்பளம் எவ்வளவு கேட்பது? சென்னைக்கே குடிபோய் வாடகைக் கணக்கு காட்டினால் வரி மிச்சம் என்கிறார்களே, உண்மையா?

- ஒரு வாசகர், அரக்கோணம்

பதில்: முகவரி விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். அத்தை வீடு வேண்டாம். ஆதாரிலும் பேங்க் பாஸ்புக்கிலும் அரக்கோணம்தான் இருக்கும். வேலையில் சேரும் நேரத்தில் ஆவணங்களைச் சரிபார்ப்பார்கள். கணக்கு எழுத எடுக்கிற ஆள் முகவரியிலேயே பொய் சொன்னார் என்றால் யார் வைத்துக்கொள்வார்கள்? ரெஸ்யூமில் கதவு எண், தெருப் பெயர் எதுவும் தேவையில்லை. ஊர்ப் பெயரும் போன் நம்பரும் போதும்.

இனி பணம். 6 லட்சத்தைப் பன்னிரண்டால் வகுத்து மாதம் 50,000 என்று மனதில் எழுதிவைத்திருப்பீர்கள். அதை அழித்துவிடுங்கள். பேசிக் சம்பளம் பாதி, அதாவது 25,000 என்று வைத்துக்கொண்டால், கம்பெனி கட்டும் பி.எஃப். 12 சதவீதம், 3,000 ரூபாய், அந்த 50,000-க்குள்ளேயே இருக்கிறது. கிராஜுவிட்டிக்கு ஒதுக்கும் 4.81 சதவீதமும் அப்படித்தான், சுமார் 1,200. உங்கள் பங்கு பி.எஃப். இன்னொரு 3,000. தொழில் வரியும் போக, கைக்கு வருவது 42,500-க்குப் பக்கத்தில் நிற்கும். பி.எஃப். உங்கள் பணம்தான், எங்கும் போகாது. ஆனால் மாதச் செலவுக்கு உதவாது. இதில் வேரியபிள் பே (வேலையின் முடிவைப் பார்த்துப் பிறகு தரும் பங்கு) பத்து சதவீதம் என்று ஒரு வரி இருந்தால் மாதம் இன்னும் 5,000 குறையும். அதனால் இன்டர்வியூவில் நீங்கள் கேட்க வேண்டிய முதல் விஷயம் சம்பளத்தின் முழுப் பிரிப்பு.

வேரியபிள் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். இப்போது வாங்குவதைவிட 8,500 அதிகம். அதிலிருந்து பயணச் செலவைக் கழிக்க வேண்டும். ரயில் சீசன் டிக்கெட் மலிவு, மாதம் சில நூறு ரூபாய்தான். எல்லோரும் அதை மட்டும் பார்த்துவிட்டு "போக்குவரத்துச் செலவே இல்லை" என்பார்கள். காசு கரைவது மற்ற இடங்களில். ஸ்டேஷனில் பைக் ஸ்டாண்ட். சென்ட்ரலில் இறங்கி கிண்டிக்கு மெட்ரோ. விடியற்காலையில் கிளம்புகிறவர் வீட்டில் டிபன் சாப்பிட மாட்டார். பிளாட்பாரத்தில் ஒரு டீ, ஆபீஸ் பக்கம் இட்லி, மாலையில் பசிக்கு ஒரு பஜ்ஜி. லோக்கல் தாமதமான நாளில் பைக் டாக்சி. மாதம் 24 நாள் வேலை என்றால் சீசன் 400, ஸ்டாண்ட் 500, மெட்ரோ 1,800, சாப்பாடு 2,400, அவசரச் செலவு 700 என்று நான் போடுகிறேன். கூட்டினால் 5,800. மிச்சம் 2,700 ரூபாய்.

நேரத்தையும் பாருங்கள். அரக்கோணத்திலிருந்து சென்ட்ரல் 69 கிலோமீட்டர். லோக்கலில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். வீட்டிலிருந்து ஸ்டேஷன், சென்ட்ரலில் நடை, மெட்ரோ எல்லாம் சேர்த்தால் ஒரு வழிக்கு இரண்டே முக்கால் மணி. மாதத்துக்கு 132 மணி நேரம். இப்போது உங்களுக்கு ஆவது 16 மணி. ஆக, கூடுதலாக 116 மணி நேரம் ரயிலிலும் நடையிலும் கழியும். அதற்குக் கூலி 2,700 ரூபாய், மணிக்கு 23 ரூபாய். எக்ஸ்பிரஸில் வந்தால் நேரம் குறையுமே என்பீர்கள். குறையும். ஆனால் சூப்பர்ஃபாஸ்ட் வண்டிக்குத் தனி சர்சார்ஜ் கட்ட வேண்டும், ரிசர்வேஷன் பெட்டியில் ஏறினால் அபராதம், மாலையில் அந்த நேரத்துக்கு வண்டியும் கிடைக்க வேண்டும். அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

அப்படியென்றால் எவ்வளவு கேட்கலாம்? நாளுக்கு ஒன்பது மணி வேலை என்று வைத்து, இன்றைய சம்பளத்தை வேலை நேரமும் பயண நேரமும் சேர்ந்த மொத்தத்தால் வகுத்தால் உங்கள் ஒரு மணிக்கு சுமார் 146 ரூபாய் வருகிறது. ரயிலில் உட்காரும் நேரத்துக்கு அதில் பாதி போதும் என்று தாராளமாக விட்டுக்கொடுத்தாலும், 116 மணிக்கு 8,500 ஆகிறது. செலவு 5,800-ஐச் சேர்த்தால் கைக்கு இன்னும் 14,300 வேண்டும், அதாவது மொத்தம் 48,300. சி.டி.சி. கணக்கில் இது ஆறே முக்கால் லட்சத்தைத் தாண்டும். ஏழு லட்சம் கேளுங்கள். ஆறே முக்காலுக்குக் கீழே வந்தால், என் அபிப்பிராயம், கிண்டி வேண்டாம்.

கேட்கும்போது தூரத்தைக் காரணம் காட்டாதீர்கள். தூரத்துக்கு எந்த முதலாளியும் காசு தர மாட்டார், வேலைக்குத்தான் தருவார். ஜி.எஸ்.டி. ரிட்டர்ன், டி.டி.எஸ்., ஆடிட் என்று தனியாக எதையெல்லாம் முடித்துக்கொடுத்திருக்கிறீர்கள் என்பதை வைத்துப் பேசுங்கள். தூரத்தை வைத்து நேரத்தைப் பேசலாம். "பரவாயில்லை சார், எப்படியாவது வந்துடுவேன்" என்ற பதிலில் எச்.ஆருக்கு நம்பிக்கை வராது. மூன்றே மாதத்தில் விட்டுவிட்டுப் போகிற ஆள் என்றுதான் நினைப்பார். "இந்த லோக்கலில் ஏறினால் ஒன்பதேகாலுக்கு ஆபீஸில் இருப்பேன், அது தவறினால் அடுத்தது இது" என்று வண்டி நேரத்தோடு சொல்லுங்கள். அதற்கு முன் ஒரு திங்கட்கிழமை காலை அந்த வண்டியில் நீங்களே ஒருமுறை போய்ப் பார்த்துவிடுவது நல்லது.

அக்கவுண்ட்ஸில் மாதம் முழுக்க ஒரே மாதிரி இருக்காது என்பது உங்களுக்கே தெரியும். 7-ம் தேதிக்குள் டி.டி.எஸ். கட்ட வேண்டும், 11-க்குள் ஜி.எஸ்.டி.ஆர்-1 ரிட்டர்ன், 20-க்குள் 3பி ரிட்டர்ன். அந்த நாட்களில் எத்தனை மணிக்கு விடுவார்கள், வீட்டிலிருந்து முடித்துத் தரலாமா என்று நேரடியாகக் கேளுங்கள். வாரம் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை என்றால் 132 மணி 85-க்குப் பக்கத்தில் வந்துவிடும், செலவும் மாதம் ஆயிரத்தைந்நூறுக்கு மேல் மிச்சம். அதற்காக வருடத்துக்கு ஐம்பதாயிரம் ரூபாய் குறைத்துக்கொண்டால்கூட நஷ்டமில்லை. ஆனால் வாய் வார்த்தை போதாது. ஆஃபர் லெட்டரில், குறைந்தபட்சம் ஒரு மெயிலில், வாங்கிவிடுங்கள். மேனேஜர் மாறினால் வாய் வார்த்தையும் போய்விடும்.

பி.ஜி.யில் தங்கி வாரம் ஒருமுறை ஊருக்கு வருவது? சாப்பாட்டோடு 7,500 என்று வைத்தாலே கூடுதலாக வரும் 8,500 காலி. குடும்பத்தோடு சென்னைக்குக் குடிவருவதும் இப்போது சரியில்லை. மனைவியின் சம்பளம் நின்றுவிடும், வாடகை ஏறும், அட்வான்ஸாக ஐந்து மாதமோ பத்து மாதமோ கேட்பார்கள். புரொபேஷன் முடியும்வரை அந்தப் பேச்சே வேண்டாம்.

வாடகைக் கணக்கில் வரி மிச்சம் என்பது பழைய வரி முறைப் பேச்சு. எச்.ஆர்.ஏ. (வீட்டு வாடகைப் படி) விலக்கு அதில்தான் உண்டு. புதிய முறையில் 2025-26 முதல், நிலையான கழிவு 75,000-ஐயும் சேர்த்து, 12.75 லட்சம் வரை சம்பளக்காரருக்கு வரி கிடையாது. கட்டாத வரியை எப்படி மிச்சம் பிடிப்பது?

கிண்டிதான் வேண்டுமா என்றும் யோசியுங்கள். உங்கள் லைனிலேயே திருவள்ளூருக்குப் பக்கத்தில் காக்களூர் தொழிற்பேட்டை, அந்தப்பக்கம் அம்பத்தூர் எஸ்டேட் இருக்கின்றன. பட்டாபிராமில் 2024-ல் டைடல் பார்க் திறந்தார்கள். அங்கெல்லாம் மெட்ரோ செலவு இல்லை, ரயிலில் உட்காரும் நேரமும் கணிசமாகக் குறையும். பட்டாபிராமில் ஐந்தரை லட்சம் கிடைத்தால், கிண்டியின் ஆறு லட்சத்தைவிட அதையே எடுப்பேன். இன்டர்வியூ முடிவு வரும்வரை அந்தப் பக்கம் ஒரு பத்து கம்பெனிக்காவது விண்ணப்பம் போட்டுவையுங்கள்.

ஏழு லட்சத்துக்கே கிண்டியில் சேர்ந்துவிட்டால், முதல் மாதம் மாத சீசனே எடுங்கள். மூன்று மாத சீசனுக்கு மாதக் கட்டணத்தைப்போல 2.7 மடங்குதான், கொஞ்சம் லாபம். வேலை பிடித்திருக்கிறது என்று தெரிந்த பிறகு அதற்கு மாறிக்கொள்ளலாம்.