டைல்ஸ் பாதியில நின்னா கார்னிஸ் எங்க நிக்கணும்?

கேள்வி: அல்சூர்ல எங்க பழைய வீட்டு கிச்சனை மாத்திக் கட்டறோம். அடுப்பு இருக்கற சுவர்ல பாதி தூரம் சீலிங் வரைக்கும் டைல்ஸ், மீதி வெறும் பெயின்ட். மேல சுத்திவர மரத்துல கிரவுன் மோல்டிங், அதான் சுவரும் சீலிங்கும் சேர்ற இடத்துல ஓடற அலங்காரப் பட்டை, கார்னிஸ்னும் சொல்வாங்களே, அது வைக்கிறோம். டைல்ஸ் ஆரம்பிக்கிற இடத்துல அது தூக்கிக்கிட்டு நிக்குது, பின்னாடி விரல் போகுது. கார்பெண்டரைக் கேட்டா "ஸ்வல்ப புட்டி ஹாக்தீனி மேடம்" (கொஞ்சம் புட்டி போடறேன்)ங்கறார். சரியா வருமா? சிம்னி பைப், பரண்கிட்ட என்ன பண்றது?
- வாசகி, பெங்களூரு

பதில்: வராதுங்க. ஒண்ணு ரெண்டு மில்லி சந்துக்குத்தான் புட்டி, விரல் போற சந்துல அடைச்சா மரம் சுருங்கும்போது விரிசல் விட்டு உதிரும், அதுவும் நேரா கீழ கொதிக்கிற குழம்புலதான் விழும்.

டைல்ஸ் கனம் 8, 9 மில்லி, அடியில பசை ஒரு 4, 5 மில்லி, ஆக டைல்ஸ் முகம் பிளாஸ்டரை விட அரை இஞ்ச் முன்னாடி வந்துடுது, சிமென்ட் வச்சு ஒட்டியிருந்தா இன்னும் ஜாஸ்தி. மோல்டிங் என்ன பண்ணும் பாவம், அது சாய்ஞ்சு நிக்கிற ஜாதி, கீழ் ஓரம் சுவரையும் மேல் ஓரம் சீலிங்கையும் தொடும், நடுவுல பின்னாடி முக்கோணமா காலி. அதனால சுவர் அரை இஞ்ச் வந்தா மொத்த மோல்டிங்கும் அரை இஞ்ச் வந்தாகணும்.

மூலையில டைல்ஸ் சுவரும் வெறும் சுவரும் சந்திச்சிருந்தா தொந்தரவே இல்ல, மூலை கொஞ்சம் நகர்ந்த மாதிரி நினைச்சுக்கிட்டு வழக்கம்போல வெட்டலாம். உங்களுக்கு ஒரே சுவர்ல படி விழுந்திருக்கு. மோல்டிங் முழுக்க ஓடணும்னா பெயின்ட் சுவர் பக்கம் டைல்ஸ் எவ்ளோ முன்னாடி இருக்கோ அதே கனத்துக்கு ஒரு மரப்பட்டி அடிச்சு அது மேல மோல்டிங்கை வைங்க, பட்டி கீழ ஒரு இஞ்ச் தெரியற மாதிரி விட்டு மோல்டிங் கலரே அடிச்சா டிசைன்னு நினைச்சுப்பாங்க. இல்லேன்னா டைல்ஸ் ஓரத்துக்கு முன்னாடியே முடிச்சுடுங்க, ஆனா மொட்டையா அறுத்து விடக்கூடாது, நுனியை 45 டிகிரில வெட்டி, அதே மோல்டிங்ல ஒரு குட்டித் துண்டை எதிர்ச்சாய்வா வெட்டி ஒட்டினா அது சுவரைப் பார்த்துத் திரும்பி முடியும். ரிட்டர்ன்னு சொல்வாங்க. அந்தத் துண்டுல ஆணி அடிச்சா பொளந்துடும், மரப்பசை மட்டும் போதும். எனக்கு இந்த ரெண்டாவதுதான் பிடிக்கும், டைல்ஸ் சுவர் தானே அழகா இருக்கு, அதுக்கு மேல மரம் எதுக்கு?

வெட்டும்போது ஒண்ணு கவனிக்கச் சொல்லுங்க, மைட்டர் பாக்ஸ்ல (கோணம் பிசகாம அறுக்கற பெட்டி) மோல்டிங்கை தலைகீழா வைக்கணும், சீலிங் தொடற ஓரம் அடியில படணும். இது தெரியாம எங்க வீட்டு ஹாலுக்கு நானே வெட்டி மூணு துண்டு விறகாச்சு.

டைல்ஸ் மேலயே ஓட்டறதா இருந்தா டைல்ஸ்ல ஆணி வேண்டாம். பின்னாடி காலி இருக்குன்னேனே, அங்க சீலிங்ல பிளக் போட்டு ஒரு ரீப்பர் (மெல்லிசான மரச்சட்டம்) முடுக்கிட்டு அதுல மோல்டிங்கைப் பிடிங்க, எதுவும் வெளிய தெரியாது.

பரண் மோல்டிங்கை விட வெளிய நீட்டிக்கிட்டு இருக்கும்ல, நேரா அறுத்து அதுல முட்ட விட்டாலே போதும், ரிட்டர்ன் தேவையில்ல. சிம்னி பைப்பைச் சுத்தி வளைக்கப் பார்க்காதீங்க, ரெண்டு பக்கமும் கொஞ்சம் இடம் விட்டு ரிட்டர்ன் போட்டு நிறுத்துங்க, நாளைக்கு பைப்பைக் கழட்டித் துடைக்கணும்ல. விலை கம்மின்னு தெர்மோகோல் கார்னிஸ் எவனாவது காட்டினா அடுப்புகிட்ட வேண்டவே வேண்டாம், சூட்டுல இளகும், தீயும் பிடிக்கும்.

கேள்வி: கார்னிஸ் ஓரத்துல சிலிக்கான் அடிச்சோம், அது மேல பெயின்ட் ஒட்டவே மாட்டேங்குது. ஏன்?
- வாசகர், பெங்களூரு

பதில்: சிலிக்கான் மேல பெயின்ட் பிடிக்காதுங்க, எத்தனை கோட் அடிச்சாலும் உருண்டு விலகிடும். பிளேடால முழுசா சுரண்டி எடுத்துட்டு பெயின்ட் வர்ற பக்கம் அக்ரிலிக் சீலன்ட் போடுங்க. சிலிக்கானை டைல்ஸ் தொடற ஓரத்துக்கு மட்டும் வச்சுக்கோங்க, அங்க எப்படியும் பெயின்ட் கிடையாது.