ஏசி இல்லாமல் பெரிய அலுவலகக் கட்டடம் குளிர்ச்சியாக இருக்க முடியுமா?

முடியும். ஓர் உயிரினம் வெயிலையும் காற்றையும் எப்படிச் சமாளிக்கிறது என்று கவனித்து அதே வழியில் கட்டுவதைத்தான் இயற்கை சார்ந்த வடிவமைப்பு என்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் ஜிம்பாப்வேயின் ஹராரே நகரில் 1996-இல் திறந்த ஈஸ்ட்கேட் சென்டர். கரையான் புற்றின் காற்றோட்டத்தைப் பார்த்து கட்டடக் கலைஞர் மிக் பியர்ஸ் வடிவமைத்தது, வழக்கமான ஏசி கிடையாது.

மாலையில் மொட்டைமாடிச் சுவரில் கை வைத்துப் பாருங்கள், வெயில் போன பிறகும் சுடும், ஏனென்றால் கனமான சுவர் பகல் சூட்டைப் பிடித்து வைத்திருக்கிறது. ஹராரேயில் இதையே திருப்பிப் போட்டார்கள்: ராத்திரி மின்விசிறிகள் குளிர்ந்த காற்றை உள்ளே இழுத்து கான்கிரீட்டைக் குளிர வைக்கும், பகலில் அந்தக் கான்கிரீட் உள்ளே வரும் காற்றின் சூட்டை வாங்கிக்கொள்ளும், அப்புறம் சூடேறிய காற்று மேலே போய்க் கூரைப் புகைபோக்கிகள் வழியே வெளியேறும். சூடான காற்று மேலே ஏறும் என்பதை நம் முற்றம் வைத்த பழைய வீடுகளும் நன்றாகவே பயன்படுத்தின. ஆனால் ஹராரே சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இரவு நன்றாகக் குளிரும், ராத்திரியும் புழுங்கும் சென்னையில் இதை அப்படியே கட்டினால் அந்த அளவுக்கு எடுபடாது.

புற்று மாதிரியே உருவம் இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள், நேரில் அது செங்கலும் கான்கிரீட்டுமான அலுவலகக் கட்டடம்தான், மின்விசிறிகளுக்கு மின்சாரமும் வேண்டும்.