ஈஸ்ட்டும் இன்சுலினும் கிரிஸ்பரும்: மரபணுப் பொறியியல் கேள்வி பதில்

ஈஸ்ட் செல்களை வைத்து மருந்துப் புரதங்கள் தயாரிக்கும் ஆய்வகத்தில் பல ஆண்டுகளாக வேலை செய்கிறேன். மரபணுப் பொறியியல் பற்றிப் பலரும் கேட்ட கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

மேடம், மரபணுப் பொறியியல் என்றால் இனிமேல் வரப்போகும் விஷயம் போலத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். இன்றைக்கு வீட்டுக்குள் அது எங்காவது இருக்கிறதா? (கல்லூரி மாணவி)

இருக்கிறது. ஒரு உயிரின் மரபணுவை நாமே மாற்றி வேலை வாங்குவதுதான் மரபணுப் பொறியியல். வீட்டில் யாராவது இன்சுலின் போட்டுக்கொள்கிறார்களா? அந்த மருந்தே அதுதான். முன்பெல்லாம் மாடு, பன்றி ஆகியவற்றின் கணையத்திலிருந்துதான் இன்சுலின் எடுத்தார்கள். பன்றி இன்சுலினுக்கும் நம்முடையதற்கும் ஒரே ஒரு அமினோ அமிலம்தான் (புரதத்தைக் கட்டும் சிறு அலகு) வேறு, மாட்டினுடையதில் மூன்று. அந்தச் சின்ன வேறுபாடும் சுத்திகரிப்பில் தங்கிய அசுத்தங்களும் சிலருக்கு ஒவ்வாமையைக் கொடுத்தன. 1978இல் ஜெனன்டெக் நிறுவனத்தின் விஞ்ஞானிகள் மனித இன்சுலினுக்கான மரபணுவை ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் வைத்து, அதை மனித இன்சுலின் தயாரிக்க வைத்தார்கள். 1982இல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது.

மஞ்சள் காமாலை பி தடுப்பூசியும் அப்படித்தான். முதலில் அதை நோய்த்தொற்று உள்ளவர்களின் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்தார்கள். 1986இலிருந்து ஈஸ்ட் செல்களில் தயாரித்த தடுப்பூசி வந்துவிட்டது. சலவைத்தூளில் எண்ணெய்க் கறையைக் கரைக்கும் என்சைம், பாலாடைக்கட்டிக்குப் பாலை உறைய வைக்கும் என்சைம் என்று பட்டியல் நீளும். பின்னதற்காக ஒரு காலத்தில் கன்றுக்குட்டியின் இரைப்பை தேவைப்பட்டது.

ஒரு பாக்டீரியாவுக்கு மனித மரபணு எப்படிப் புரியும்? (பள்ளி ஆசிரியர்)

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது, சார். டிஎன்ஏவின் எழுத்துகளை மும்மூன்றாக வாசித்துப் புரதம் செய்கிற முறை ஏறக்குறைய எல்லா உயிர்களிலும் ஒன்றுதான். ஏடிஜி என்ற மூன்றெழுத்து நம் செல்லிலும் மெத்தியோனின் என்ற அமினோ அமிலம்தான், ஈஸ்ட்டிலும் அதுதான், பாக்டீரியாவிலும் அதுதான். இது யானையின் மரபணுவா, மனிதனின் மரபணுவா என்று செல் பார்ப்பதில்லை. எழுதியிருப்பதை வாசித்துச் செய்து கொடுத்துவிடும்.

ஆனால் நடைமுறையில் அவ்வளவு எளிதில்லை. நம் மரபணுக்களுக்குள் நடுநடுவே வெட்டி நீக்க வேண்டிய பகுதிகள் உண்டு, அதை பாக்டீரியாவால் செய்ய முடியாது. அதனால் 1978இல் இன்சுலினுக்கான வரிசையை வேதிமுறையில் புதிதாகவே கட்டினார்கள். இரண்டு சங்கிலிகளையும் தனித்தனியாகத் தயாரித்துப் பிறகு இணைத்தார்கள். அப்புறம் மடிப்பு. புரதம் சரியாக மடியாவிட்டால் கட்டிதட்டிப் போய்விடும். ஆறு மாதம் உழைத்துவிட்டுக் குடுவையின் அடியில் வெள்ளைக் கசடாக அதைப் பார்க்கும் நாள் மிகவும் வலிக்கும். சில புரதங்களின் மேல் சர்க்கரை மூலக்கூறுகள் சரியான இடத்தில் ஒட்டியிருக்க வேண்டும். அதற்கு பாக்டீரியா போதாது. ரத்த சிவப்பணுக்களைப் பெருக்கும் எரித்ரோபொய்ட்டினை வெள்ளெலியின் சினைப்பைச் செல்களில் தயாரிப்பது இதனால்தான்.

மரபணுவைத் திருத்தும் கிரிஸ்பர் கருவியில் அப்படி என்ன புதுமை?

மரபணுவில் குறிப்பிட்ட இடத்தை வெட்டும் கருவிகள் முன்பே இருந்தன. ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனியாக ஒரு புரதத்தையே வடிவமைக்க வேண்டும் என்பதுதான் சிக்கல். கிரிஸ்பரில் வெட்டும் புரதம் மாறுவதில்லை. எங்கே வெட்ட வேண்டும் என்று காட்டும் சிறிய ஆர்என்ஏவில் சுமார் 20 எழுத்துகளை மாற்றினால் போதும். இது பாக்டீரியாக்கள் தம்மைத் தாக்கிய வைரஸ்களை நினைவில் வைத்துக்கொள்ளும் முறை. ஜெனிஃபர் டௌட்னாவும் இமானுவேல் ஷார்பான்டியேயும் 2012இல் அதை நாம் இயக்கக்கூடிய கருவியாகக் காட்டினார்கள். 2020இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றார்கள்.

எங்கள் மகளுக்கு அரிவாள் செல் சோகை, வயது 14. மரபணுச் சிகிச்சை வந்துவிட்டது என்கிறார்கள். நம்பலாமா அம்மா? (ஒரு தந்தை)

நம்பலாம், ஐயா. அதோடு சேர்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதையும் சொல்கிறேன்.

கருவில் இருக்கும்போது நமக்கு வேறு வகை ஹீமோகுளோபின் இருக்கும். பிறந்த சில மாதங்களில் உடல் அதைக் குறைத்துவிடுகிறது. உங்கள் மகளின் நோய் இருப்பது அதற்குப் பிறகு வரும் ஹீமோகுளோபினில். அந்தப் பழைய ஹீமோகுளோபினைத் தடுத்து வைப்பதில் பிசிஎல்11ஏ என்ற மரபணுவுக்குப் பெரிய பங்கு உண்டு. நோயாளியின் சொந்த ரத்த மூலச்செல்களை எடுத்து, கிரிஸ்பரைக் கொண்டு ரத்தச் செல்களில் அந்த மரபணுவின் வேலையைக் குறைத்துத் திரும்பச் செலுத்துகிறார்கள். தடை விலகியதும் கருக்கால ஹீமோகுளோபின் மறுபடி உருவாகிறது. கேஸ்ஜெவி என்ற பெயரில் 2023 நவம்பரில் பிரிட்டனிலும் டிசம்பரில் அமெரிக்காவிலும் 12 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு இதற்கு அனுமதி கிடைத்தது. அமெரிக்க அனுமதிக்கு அடிப்படையான ஆய்வில், போதிய காலம் கவனிக்கப்பட்ட 31 பேரில் 29 பேருக்குத் தொடர்ந்து 12 மாதங்களாவது கடும் வலித் தாக்குதல் வரவில்லை.

சிரமமான பகுதி இனிதான். திருத்திய செல்களுக்கு இடம் கொடுக்க, எலும்பு மஜ்ஜையில் இருக்கும் பழைய செல்களைக் கடுமையான கீமோ மருந்தால் அழிக்க வேண்டும். மருத்துவமனையில் வாரக்கணக்கில் இருக்க வேண்டும். பிற்காலத்தில் குழந்தை பெறும் திறன் பாதிக்கப்படலாம். அதைப் பாதுகாக்க என்ன வழி என்று ரத்தநோய் நிபுணரிடம் முதல் சந்திப்பிலேயே கேளுங்கள். இப்போது இந்த நோய்க்கான ஹைட்ராக்சியூரியா மருந்து சாப்பிட்டு வந்தால் எக்காரணம் கொண்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

செலவும் வசதியும் பெரிய தடை என்பதை மறைக்க மாட்டேன். செல்களை வெளியே எடுக்காமல் உடலுக்குள்ளேயே திருத்தும் நாள் வந்தால்தான் இது பரவலாகும். அதற்கான தொடக்கத்தைப் பார்த்துவிட்டோம். கல்லீரலைப் பாதிக்கும் அரிய நோயோடு பிறந்த ஒரு குழந்தைக்கு, அந்தக் குழந்தையின் டிஎன்ஏவில் இருந்த எழுத்துப்பிழைக்கென்றே சுமார் ஆறு மாதத்தில் மருந்து தயாரித்து, 2025இல் பிலடெல்பியாவில் நரம்பு வழியாகச் செலுத்தினார்கள். அந்தச் செய்தியைப் படித்த அன்று எங்கள் ஆய்வகத்தில் யாருக்கும் வேலை ஓடவில்லை.

அப்படியானால் உயரமான, அறிவான குழந்தையை வடிவமைத்துவிடலாமா?

முடியாது, முயலவும் கூடாது. உயரத்துக்கு மட்டுமே 12,000க்கும் அதிகமான டிஎன்ஏ வேறுபாடுகள் தொடர்புடையவை என்று 2022இல் வந்த ஆய்வு காட்டியது. எதைத் தொடுவீர்கள்? நோயாளியின் ரத்தச் செல்லைத் திருத்தினால் மாற்றம் அவரோடு முடியும். கருவைத் திருத்தினால் அது பேரன் பேத்திகள் வரை போகும், அவர்களிடம் யாரும் சம்மதம் கேட்க முடியாது. 2018இல் சீனாவில் ஒருவர் கருக்களைத் திருத்தி இரட்டைக் குழந்தைகளைப் பிறக்க வைத்துச் சிறைக்குப் போனார். எனக்கு இன்னும் ஆறாத கோபம் அது.

மரபணு மாற்றிய பயிரைச் சாப்பிட்டால் நம் மரபணு மாறுமா?

மாறாது. எந்தக் காயிலும் கீரையிலும் டிஎன்ஏ இருக்கிறது. தினமும் அதைச் செரித்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

பூச்சி வராது என்று சொல்லித்தான் மரபணு மாற்றிய பிடி பருத்தி விதை கொடுத்தார்கள். இப்போது புழு மறுபடி வருகிறதே? (விவசாயி)

உங்கள் ஆதங்கம் நியாயமானது. மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவின் புரதத்தைச் செடியே தயாரிக்கும், அது புழுவின் குடலைத் துளைக்கும். ஆனால் லட்சம் புழுவில் ஒன்றிரண்டு தப்பும். அவை ஒன்றோடொன்று இணைந்தால் அடுத்த தலைமுறை முழுக்கத் தப்பும். சாதாரணச் செடிகளையும் ஓரமாக வளர்க்கச் சொல்வது, தப்பிய பூச்சி சாதாரணப் பூச்சியோடு கலக்கட்டும் என்றுதான். இந்தக் காரணத்தைச் சொல்லாமல் விதையை மட்டும் விற்ற இடங்களில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு எதிர்ப்பு பெற்றுவிட்டது. விதையைக் கொடுத்தவர்கள் அதை விளக்கியிருக்க வேண்டும்.

பிளஸ் டூ படிக்கிறேன் அக்கா. இந்தத் துறைக்கு வர இப்போதே என்ன செய்யலாம்?

உயிரியலோடு வேதியியலையும் விடாமல் படியுங்கள் தம்பி, கொஞ்சம் நிரல் எழுதவும் பழகுங்கள். இன்றைக்கே ஒன்று செய்யலாம். யூனிப்ராட் என்ற புரதத் தரவுத்தளம் இலவசம். அதில் மனித இன்சுலினையும் பன்றி இன்சுலினையும் தேடி எடுங்கள். ஒவ்வொன்றிலும் முழுசாகத் தயாரான இன்சுலின் பகுதியை, அதாவது இரண்டு சங்கிலிகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், அதில் 51 அமினோ அமிலங்கள்தான். மனிதனுடையதையும் பன்றியுடையதையும் மேலும் கீழுமாக எழுதி, மாறியிருக்கும் அந்த ஒரு எழுத்தை நீங்களே கண்டுபிடித்து எனக்குச் சொல்லுங்கள்.