விடை ஒன்றே ஒன்றாக இருக்கட்டும்

கே: கலை வரலாற்று நூல் பிரியர்களுக்கு வாரம் ஒரு பரிசுப் போட்டி வைக்கிறோம். 'மூங்க் "அலறல்" வரைந்த ஆண்டு எது?' என்ற கேள்விக்கு மூன்று ஆண்டுகள் விடையாக வந்தன. மூவருமே புத்தகத்தைக் காட்டுகிறார்கள். யாருக்குப் பரிசு?

ப: மூவருக்கும்தான். பிசகு கேள்வியில் இருக்கிறது. 'அலறல்' ஒரே ஓவியம் அல்ல. 1893-இல் இரண்டு, 1895-இல் ஒன்று, 1910-இல் ஒன்று என வண்ணத்தில் நான்கு உண்டு. 1895-இல் வந்த கல்லச்சு, அதாவது கல்லில் வரைந்து அச்சிட்ட படம், தனி. வான்கோவின் சூரியகாந்திகளும் அப்படியே: 1888 ஆகஸ்டில் வரைந்தவற்றில் சிலவற்றை 1889 ஜனவரியில் அவரே மறுபடி வரைந்தார். ஆகவே ஓவியம் எந்த அருங்காட்சியகத்தில் உள்ளது என்பதைக் கேள்வியிலேயே சொல்லிவிடுங்கள்.

பழைய பதிப்புகளிலும் கவனம் வேண்டும். பெர்லினில் உள்ள 'தங்கத் தலைக்கவசம் அணிந்த மனிதன்' நெடுங்காலம் ரெம்ப்ராண்ட் பெயரில் அச்சானது. 1980-களின் ஆய்வுக்குப் பிறகு அது அவர் கைவேலை அல்ல என்றாகிவிட்டது. அதற்கு முந்தைய நூலை நம்பி எழுதியவர் ஏமாறக்கூடாது. விடையை அருங்காட்சியகத்தின் இன்றைய பட்டியலோடு ஒப்பிட்ட பிறகே கேள்வியை வெளியிடுங்கள்.

கே: ஓவியத்தின் ஒரு துணுக்கை மட்டும் கொடுத்துப் பெயர் கேட்டால், கைப்பேசியில் தேடி நொடியில் சொல்லிவிடுகிறார்களே?

ப: பெயரைக் கேட்காதீர்கள், பெயரை நீங்களே கொடுத்துவிட்டு, படித்தவருக்கே தெரிவதைக் கேளுங்கள். ரெம்ப்ராண்டின் 'இரவுக் காவல்' 1715-இல் ஆம்ஸ்டர்டாம் நகர மன்றச் சுவருக்கு ஏற்ப ஓரங்களில் வெட்டப்பட்டது. 'வெட்டுவதற்கு முந்தைய தோற்றத்தை யாருடைய நகலில் காண்கிறோம்?' என்று கேட்கலாம். விடை, ஹெரிட் லுண்டன்ஸ். துணுக்குதான் வேண்டுமென்றால் புகழ்பெற்ற பகுதியைத் தவிர்த்துவிடுங்கள். ஹோல்பைனின் 'தூதர்கள்' (1533) ஓவியத்தில் கோணலாகத் தெரியும் மண்டையோட்டை எல்லோரும் அறிவார்கள். லூட் வாத்தியத்தில் அறுந்து கிடக்கும் தந்தியைக் கண்டவர்கள் குறைவு. அந்தத் தந்தி எதைக் குறிப்பதாகச் சொல்கிறார்கள் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், விளக்கங்கள் பலவாக வரும்.

கே: சரியான விடை எழுதியவர்கள் பலர் என்றால் குலுக்கலா?

ப: அதற்கு முன் ஓர் அளவுக் கேள்வி வையுங்கள், நெருங்கி வந்தவருக்குப் பரிசு. டாலியின் 'நினைவின் நிலைபேறு' (1931) இதற்கு மிகப் பொருத்தம். முழுப் பக்கப் படமாகவே பார்த்துப் பழகியவர்கள் பெரிய ஓவியமாக நினைப்பார்கள். அது ஏறத்தாழ 24 செ.மீ. உயரம், 33 செ.மீ. அகலம்தான். சட்டம் நீங்கலான அளவு என்பதை மறக்காமல் குறிப்பிடுங்கள். அதிலும் சமன் ஆனால் குலுக்கல்.