அடிக்காத கம்பி

வணக்கம் சார்,

எஸ்டோனிய இசையமைப்பாளர் ஆர்வோ பார்ட்டின் ‘ஃபூர் அலினா’ என்ற பியானோ துண்டு பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, அதன் இசைக்குறிப்பு நோட்டைத் தேடியெடுத்துப் பெண்ணிடம் கொடுத்தேன். மூன்று வருஷமாகக் கீபோர்டு கற்கிறாள். பத்தே நிமிஷத்தில் வாசித்துவிட்டு, “என்னப்பா, இதுல ஒண்ணுமே இல்லையே” என்றாள். எனக்கும் அப்படித்தான் பட்டது. தெருவில் கண்டெய்னர் லாரி போனால் அந்த ஒண்ணும் காதில் விழவில்லை. நீங்கள் இதில் என்ன கேட்டீர்கள்?

ஒரு வாசகர், தண்டையார்பேட்டை

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மகள் நோட்டில் இருந்ததை எல்லாம் வாசித்திருக்கிறாள். நோட்டில் எழுத முடியாத மீதிதான் கீபோர்டில் வரவில்லை.

1976இல் எஸ்டோனியாவில் எழுதிய துண்டு இது. இரண்டே பக்கம். தாளக் குறி கிடையாது. முதலில் அடி ஸ்தாயியில் ‘பி’ என்ற மேற்கத்திய ஸ்வரம் இரண்டை அடித்துப் பெடலை மிதித்துவிட வேண்டும். பிறகு இரு கைகளும் மேலேதான். பியை ஷட்ஜமாக வைத்துப் பாருங்கள்: வலது கை நடபைரவி ராகத்தின் ஸ்வரங்களில் நடக்கிறது. இடது கை ச, க, ப மூன்றை விட்டு நகர்வதில்லை. மேல் ஸ்வரத்துக்குக் கீழே எது பக்கத்தில் இருக்கிறதோ அதைத் தொடும். முதல் வரியில் இரண்டு ஸ்வரம், அடுத்ததில் மூன்று, எட்டு வரை ஏறி அப்படியே இறங்கும்.

பெடலை மிதித்தால் பியானோவில் எல்லாக் கம்பிகளும் கட்டவிழ்ந்து கிடக்கும். ஒன்றை அடித்தால் உறவுள்ள மற்றவையும் தானாக அதிரும். பெரம்பூரில் ஒரு டீச்சரம்மா வீட்டுப் பழைய பியானோவில் இதை நான் கண்ணாரக் கண்டேன். கீழ் ‘பி’யைச் சத்தம் எழாதபடி மெல்ல அழுத்திப் பிடித்துக்கொண்டார். ஒரு ஸ்தாயி மேலே உள்ள ‘பி’யைச் சுருக்கென்று அடித்துக் கையை எடுத்தார். சுத்தியல் படாத அந்தக் கீழ்க் கம்பி மேல் ஸ்வரத்தைப் பாடியது! அறையில் யாரோ மூச்சு விடுவதுபோல இருந்தது. சாதாரணக் கீபோர்டில் கம்பியே இல்லை, அதிர எதுவும் இல்லை. இந்தத் துண்டுக்கோ அதுதான் உயிர். இரு கைகளையும் இப்படிப் பிணைக்கும் முறைக்குப் பார்ட் வைத்த ‘டின்டினாபுலி’ என்ற பெயரே சிறுமணியைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. நமக்குத் தம்புரா தெரியும். தந்தியை மீட்டியபின் எழும் ரீங்காரத்தில் காதை வைத்துக் கேட்பது நமக்குப் புதிதல்ல.

ஒரே ஓர் இடத்தில் இடது கை ச, க, பவை விட்டு ரிஷபத்தைத் தொடுகிறது. அங்கே பார்ட் ஒரு பூ வரைந்திருக்கிறார். அதுவரை கட்டுப்பட்டு நடந்த கை அது. எனக்கு அந்த இடத்தில் ஒவ்வொரு முறையும் தொண்டை அடைக்கிறது.

உங்கள் பக்கத்துத் தேவாலயத்தில் பியானோ இருந்தால், ஞாயிறு ஆராதனை முடிந்து கூட்டம் கலைந்தபின் கேட்டுப் பாருங்கள், அரை மணி நேரம் தருவார்கள். முதல் ‘பி’யை அடித்ததும் கையை மடியில் வைத்துக்கொண்டு மகளைக் கேட்கச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்திலேயே உட்காருங்கள். அவள் என்ன சொன்னாள் என்று எனக்கு எழுதுங்கள்.